எல்லோரும் தேறிய தேர்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர்களுக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. உணர்வு நுண்ணறிவும் சமூக நுண்ணறிவும் உள்ளவர்களே நன்றாக நிர்வாகம் செய்கிறார்கள் என்றார்கள். ஒரு வினாத்தாளைக் கொடுத்து எங்களுக்கு நாங்களே மதிப்பெண் போடச் சொன்னார்கள். எல்லோருமே தேறிவிட்டோம்! இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

ஒரு பேராசிரியர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

‘பிறர் மனம் எனக்குப் புரியும்’ என்ற வரிக்கு எதிரே எந்தத் துறைத்தலைவர் ‘இல்லை’ என்று டிக் அடிப்பார்?

அர்த்தம் உண்டு, அந்தத் தாளில்தான் இல்லை. 1990இல் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் ஒரு திறனாக அவர்கள் இதைப் பார்த்தார்கள். பின்னால் அவர்கள் உருவாக்கிய தேர்வில் முகங்களின் படத்தைக் காட்டி, தெரிவது என்ன உணர்ச்சி என்று கேட்பார்கள். உங்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் அங்கே செல்லாது.

அந்த சலோவேதான் 2013 முதல் 2024 வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். (நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த அதே எலிஹு யேலின் பெயர்தான் அது.) 2015இல், பிற இனத்தவரைப் புண்படுத்தக்கூடிய ஹாலோவீன் மாறுவேட உடைகள் பற்றிய ஒரு மின்னஞ்சலை ஒட்டி அங்கே நிறவெறிக்கு எதிராக மாணவர்கள் கொந்தளித்தார்கள். சலோவே அவர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்டார், நிர்வாகம் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். சரி, இதுவரை பயிலரங்கில் சொல்வது போலத்தான். ஆனால் 2016 ஏப்ரலில், அடிமைமுறையை வெளிப்படையாக ஆதரித்த பழைய அமெரிக்க அரசியல்வாதி ஜான் கால்ஹூனின் பெயர் அங்குள்ள உறைவிடக் கல்லூரிக்கு நீடிக்கும் என்று அவரே அறிவித்தார். கசப்பு இன்னும் கூடியது. அப்புறம் ஆகஸ்டில், பெயர் மாற்றத்துக்குப் பொது நெறிகளை வகுக்க ஒரு குழு போட்டார். அந்த நெறிகளின்படி 2017 பிப்ரவரியில் முடிவு மாறியது. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் பெயர் வந்தது.

என் கணக்கில் அவர் செய்த நல்ல வேலை, மணிக்கணக்கில் கேட்டதைவிட, குழு போட்டதும் தன் முடிவைத் தானே திருப்பியதும்தான். இந்தத் துறையையே தொடங்கிவைத்தவருக்கு அதற்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. மாணவர்களின் கோபம் அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? புரிந்தது நிர்வாக முடிவாக மாற ஒரு நடைமுறை தேவைப்பட்டது.

அடுத்த முறை அதே தாளை, உங்களைப் பற்றி, ஆய்வு மாணவர்களும் அலுவலக எழுத்தர்களும் பெயர் போடாமல் நிரப்பட்டும். கையெழுத்துக்காக ஆய்வேடு உங்கள் மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.