விமானப்படை வெறும் படிக்கட்டா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. விண்வெளிக்குப் போவதுதான் லட்சியம் என்கிறாள். "விமானப்படை ஒரு படிக்கட்டு, ஏறிவிட்டால் அடுத்தது விண்வெளிதான்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சம்மதிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1959-ல் அமெரிக்கா தேர்ந்தெடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்களுமே ராணுவத்தின் சோதனை விமானிகள்தான். யூரி ககாரினும் ராகேஷ் சர்மாவும் விமானப்படையிலிருந்து போனவர்களே. 1999-ல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண் ஐலீன் காலின்ஸும் அப்படித்தான்.

'படிக்கட்டு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. சுபான்ஷு சுக்லா இந்திய விமானப்படையில் அதிகாரியானது 2006-ல். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது 2025-ல். நடுவில் 19 வருஷம். படியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு யாராலும் அத்தனை காலம் நிற்க முடியாது.

நின்றாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. ராகேஷ் சர்மாவுடன் சேர்ந்து அதே பயிற்சியை முடித்தவர் ரவீஷ் மல்ஹோத்ரா. 1984-ல் இந்தியருக்கு இருந்தது ஒரே இடம். மாற்று வீரராக இருந்த அவர் கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை. அந்த முதல் ஏழு பேரில் ஒருவரான டீக் ஸ்லேட்டனை, இதயத் துடிப்பு சீராக இல்லை என்று 1962-ல் நிறுத்திவைத்தார்கள். அவர் பறந்தது 1975-ல், 51 வயதில்.

விமானிகளை ஏன் தேடினார்கள்? வெறும் துணிச்சலுக்காக இல்லை. 1966-ல் அமெரிக்காவின் ஜெமினி 8 விண்கலத்தில் திசை திருப்பும் சிறு ராக்கெட்டுகளில் ஒன்று நிற்காமல் எரியத் தொடங்கியது. கலம் நொடிக்கு ஒரு சுற்று சுழன்றது, பார்வை மங்கியது. முன்னாள் கடற்படை விமானியான நீல் ஆம்ஸ்ட்ராங் அந்தத் தொகுதியையே அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்புவதற்கென்று வைத்திருந்த ராக்கெட்டுகளை இயக்கிச் சுழற்சியை நிறுத்தினார். எது கெட்டது, மிச்சம் என்ன இருக்கிறது என்று அந்த நிலையிலும் பார்க்கிற புத்தி, சோதனை விமானியாக வருஷக்கணக்கில் பறந்ததால் வந்தது. தரையிறங்கியதும் எந்த வேகத்தில் விமானம் எப்படி அதிர்ந்தது என்று பொறியாளருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பதும் சோதனை விமானியின் வேலைதான். உங்கள் மகளுக்கு இதில் ருசி இருக்கிறதா, பாருங்கள்.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். போர் விமானம் ஆபத்தானதுதான். சீருடை போட்டால் போருக்கும் போக வேண்டியிருக்கும். ராகேஷ் சர்மா 1971 போரில் 21 முறை பறந்தவர். இதையும் அவளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

பறப்பதில் அவளுக்குப் பெரிய ஆசை இல்லையென்றால் வேறு வழியும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் நாசாவுக்கு இன்று விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் பொறியாளர்களும் விண்ணப்பிக்கலாம். அதுவும் சுலபமில்லை. 2025-ல் அறிவித்த அணிக்கு 8,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், தேர்வானது 10 பேர்.

அதனால் அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "விண்வெளி கிடைக்காமலே போனாலும் 20 வருஷம் விமானம் ஓட்டிக்கொண்டிருக்க உனக்குச் சம்மதமா?" உடனே பதில் வேண்டாம், ஒரு வாரம் யோசிக்கட்டும். ஆமாம் என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.