பொண்ணு பாத்ரூம் பக்கெட்ல சாயம் கரைக்கிறா, இத நம்பி படிக்க வைக்கலாமா? கரூர் அக்காவுக்கு பதில்

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பிளஸ் டூ பயோ-மேத்ஸ் படிக்கிற பொண்ணு, லீவு விட்டா போதும் துப்பட்டாவ முடிச்சு போட்டு சாயத்துல முக்குறா, பழைய போட்டோ ஃப்ரேம்ல ஆணி அடிச்சு நூல் கட்டி நெய்யிறா, உருளைக்கிழங்க வெட்டி தலகாணி உறையில அச்சு குத்துறா, இதையே படிக்கணும்னு அடம் பிடிக்கிறா, அவங்கப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற பேச்சே வேணாங்குறாரு, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்க. பயப்படாதீங்க. பெட்ஷீட்டும் ஸ்க்ரீன் துணியும் டேபிள் கிளாத்தும் கப்பல் ஏறுற ஊர்ல உக்காந்துக்கிட்டு துணி வேலைக்கு எதிர்காலம் இருக்கான்னு நீங்க கேக்குறதுதான் எனக்கு சிரிப்பா இருக்கு.

ஆனா துணி பிடிக்கும்ங்கிற ஒண்ண மட்டும் வச்சு காலேஜ்ல சேர்க்க முடியாது. வீட்ல பண்ணும்போது எல்லாம் ஒரே வேலை மாதிரி தெரியும், வெளிய வந்தா சாயம் ஒரு தொழில், டிசைன் ஒரு தொழில், நெசவு ஒரு தொழில், விக்கிறது இன்னொரு தொழில், படிப்பும் வேற வேற, சம்பளமும் வேற வேற. அதனால பாப்பா இதுல எந்த இடத்துல அலுக்காம உக்காந்திருக்கான்னு முதல்ல பாருங்க.

எப்படி பாக்குறதுன்னு சொல்றேன். அவ சாயம் போட்டதுல ரெண்டு மூணு துணி எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலைய வெட்டி அதோட ஒரு வெள்ளை காட்டன் துண்ட தைச்சு சோப்புத் தண்ணில அலசி காய வைக்க சொல்லுங்க, வெள்ளையில கறை ஏறுதான்னு பாக்கணும். இன்னொரு துண்ட பாதி தெரியிற மாதிரி அட்டைக்குள்ள வச்சு ஒரு வாரம் வெயில்ல போட சொல்லுங்க. மஞ்சள்ல சாயம் போட்டிருந்தா வெயில் பட்ட பாதி வெளுத்திருக்கும், மஞ்சளோட குணம் அது. கம்பெனி லேப்லயும் இதே வேலைதான் நடக்குது, மிஷின்ல போட்டு வாஷிங்குக்கு 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க, வெளிச்சத்துக்கு 8 வரைக்கும். இப்ப பொண்ணோட மூஞ்சிய பாருங்க. சாயம் போயிடுச்சேன்னு துணிய தூக்கி போட்டுட்டு அடுத்த டிசைனுக்கு போறாளா, இல்ல ஏன் போச்சுன்னு உக்காந்து நோண்டுறாளா?

நோண்டுறான்னா அவளுக்குள்ள இருக்கிறது கெமிஸ்ட்ரி. அவுரி நீலத்த, அதான் இண்டிகோ, ஒரு தடவ பண்ண சொல்லுங்க, நம்ம திண்டிவனம் விழுப்புரம் பக்கம் விளையிற செடிதான். அந்த நீலம் தண்ணில கரையாது, புளிக்க வச்சு அத ஒடுக்கினாத்தான், அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிர் வேலை நடந்தாத்தான் கரையும், அப்ப தொட்டித் தண்ணி மஞ்ச பச்சையா இருக்கும், துணிய முக்கி வெளிய எடுத்தா பச்சையா வரும், காத்து பட பட கண்ணு முன்னாடியே நீலமாகும். இத பாத்துட்டு சூப்பர்னு ரீல் எடுக்கிற பிள்ளை இருக்கு, இது எப்படின்னு கெமிஸ்ட்ரி புக்க தூக்குற பிள்ளையும் இருக்கு, ரெண்டாவது ரகம்னா யோசிக்காம பி.டெக் டெக்ஸ்டைல் டெக்னாலஜி. அண்ணா யுனிவர்சிட்டி ஏ.சி.டெக், கோயம்புத்தூர்ல பி.எஸ்.ஜி டெக், குமரகுரு இங்கெல்லாம் இருக்கு, மேத்ஸ் இருக்கிறதால இன்ஜினியரிங் கவுன்சிலிங்லயே வரும். முடிச்சா லேப், குவாலிட்டி, மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் கொடுக்கிறவங்களுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல பேசி முடிக்கிற வேலை), டையிங் யூனிட்னு சொல்ற சாயப்பட்டறை. டையிங் யூனிட்னா சூடும் நைட் ஷிஃப்டும் உண்டு, அதையும் இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் நான் சொல்லலைன்னு இருக்க கூடாது.

அவகிட்ட ஒரு நோட்டு போட சொல்லுங்க, டிசைன் வரையிற நோட்டு இல்ல, கணக்கு நோட்டு. துணி எடை, சாயம் எடை, தண்ணி அளவு, உப்பு, சோடா, எவ்வளவு நேரம், பக்கத்துல அந்த துணித்துண்ட ஒட்டணும். 100 கிராம் துணிக்கு 2 கிராம் சாயம்னா அது 2% ஷேடு, லேப்ல பேசுற பாஷையே இதான். துணி வாங்குற பையர் அனுப்புற கலருக்கு சின்ன துண்டுல மேட்ச் பண்ணி ஓகே வாங்குறாங்களே, லேப் டிப்னு சொல்லுவாங்க, அந்த வேலைக்கு இந்த நோட்டு பழக்கம் பெரிய பலம்.

சாயம் போனா போகட்டும் பேட்டர்ன்தான் முக்கியம்ங்கிற பிள்ளைன்னா டிசைன் பக்கம் போகணும். சென்னை தரமணில இருக்கிற நிஃப்ட்ல, அதான் மத்திய அரசோட ஃபேஷன் டெக்னாலஜி காலேஜ், பி.டெஸ் டெக்ஸ்டைல் டிசைன் 4 வருஷம், எந்த குரூப் படிச்சாலும் எழுதலாம், இப்ப நீட் நடத்துற என்.டி.ஏ தான் இந்த எக்ஸாமும் நடத்துது, பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடியே வந்துடும், அதனால ரிசல்ட் வரட்டும் பாக்கலாம்னு உக்காந்தீங்கன்னா ஒரு வருஷம் போச்சு. அகமதாபாத்ல இருக்கிற தேசிய டிசைன் நிறுவனம் (NID) இன்னும் கஷ்டம், ட்ரை பண்ணலாம். ஃபீஸ் லட்சக்கணக்குல வரும், ஹாஸ்டலும் சேர்த்து பாத்துட்டு இறங்குங்க. அப்புறம் தெருவுக்கு ஒண்ணா இருக்கே ஆறு மாச ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ, அதுல கட்டுற காசுக்கு ஒரு நல்ல தறி வாங்கிடலாம், என் அபிப்பிராயம் அது.

நெசவுன்னா சேலத்துல இருக்கிற கைத்தறி தொழில்நுட்ப நிறுவனம், ஐ.ஐ.ஹெச்.டி, 1960ல இருந்து இருக்கு, பத்தாவது முடிச்சாலே 3 வருஷ டிப்ளமோ சேரலாம். அங்க படிச்சா தறியில உக்காந்து கூலிக்கு நெய்யணும்னு உங்க வீட்டுக்காரர் நினைப்பாரு, அப்படி இல்ல, டிசைன், மில், நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி, கைத்தறித்துறை வேலைன்னு போறாங்க. ஆனா கைத்தறி கூலிய நம்பி குடும்பம் நடத்துறது எவ்வளவு கஷ்டம்னு காஞ்சிபுரத்துல யார கேட்டாலும் சொல்லுவாங்க, உடலும் பார்டரும் வேற கலர்ல நெஞ்சு இணைக்கிற கோர்வை வேலை தெரிஞ்சவரே தன் பையன தறியில உக்கார வைக்க யோசிக்கிறாரு. படிக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கணும்னா சென்னை, காஞ்சிபுரம், சேலத்துல இருக்கிற நெசவாளர் சேவை மையத்துல ஷார்ட் டெர்ம் ட்ரெய்னிங் பத்தி போய் விசாரிங்க.

கம்பளி ரோமத்துல சுடுதண்ணியும் சோப்பும் ஊத்தி தேய்ச்சு பொம்மை பண்றாளே, அந்த ஃபெல்டிங்க அப்படியே ஹாபியா விட்டுடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அதுல தொழில் ரொம்ப கம்மி.

இப்ப இன்ஸ்டால விக்கிற கதை. படிப்பே வேணாம் ஆர்டர் எடுக்குறேன்னு சொல்றான்னு எழுதியிருக்கீங்க. ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், உங்க ஊர் விலைய வச்சு மாத்திக்கோங்க. துப்பட்டா துணி 200, சாயம் படிகாரம் சோடா எல்லாம் 40, பேக்கிங் கொரியர் 80, ஆக 320. வித்தது 550. கையில 230. துணிய கஞ்சி போக அலசி, முடிச்சு போட்டு, சாயம் போட்டு, அவுத்து, அயர்ன் பண்ணி, போட்டோ எடுத்து, லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு சிஸ்னு கேக்குறவங்களுக்கெல்லாம் பதில் போட்டு அஞ்சு மணி நேரம்னு வச்சா மணிக்கு 46 ரூபா, இதுல ஒரு பீஸ் கறை விழுந்து கெட்டா அதுவும் போச்சு. விக்க வேணாம்னு சொல்லல, தாராளமா விக்கட்டும், இந்த கணக்க அவளே போட்டு பாத்துட்டு விலை வைக்கட்டும், மதுரை சுங்குடி மாதிரி கையால முடிச்சு போடுற வேலைக்கு ஏன் அந்த விலைன்னு அப்பத்தான் புரியும். காலேஜ் படிச்சுக்கிட்டே பண்ணா போதும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாத்துக்கோங்க. சாயத்துக்கு தனி பாத்திரம் தனி கரண்டி, அது திரும்ப அடுப்படிக்கு வரவே கூடாது. சாயப்பொடி கலக்கும்போது மாஸ்க், ஃபேன ஆஃப் பண்ணணும், ஹைட்ரோஸ்னு சாயம் கரைக்கிற கெமிக்கல் வாங்கி வந்தான்னா ஜன்னல் திறந்திருக்கணும், டப்பால ஈரம் படக்கூடாது. சாயத் தண்ணிய கிணத்து பக்கமோ செடிக்கோ ஊத்தாதீங்க. சாயத் தண்ணி கலந்து நொய்யல் ஆறு என்ன ஆச்சு, 2011ல கோர்ட் சொல்லி திருப்பூர் டையிங் யூனிட்ட எல்லாம் மூடினது உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. அதுக்கப்புறம் தண்ணிய சுத்திகரிச்சு ஒரு சொட்டு கூட வெளிய விடாம திரும்ப எடுக்கணும்ங்கிற நிலை, அதுலயும் டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்களுக்கு வேலை இருக்கு, இத அவங்கப்பா காதுல போடுங்க, அவருக்கு புரியிற பாஷை அது.

அவர்கிட்ட இப்பவே கம்ப்யூட்டரா துணியான்னு பஞ்சாயத்து வைக்காதீங்க. நிஃப்ட் ஃபார்ம் மட்டும் டைம் தாண்டாம போட்டுடுங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் லிஸ்ட்ல கம்ப்யூட்டரும் டெக்ஸ்டைலும் ரெண்டுமே போடலாம், எத மேல போடுறதுங்கிறதுதான் சண்டை, அதுக்கு கட்ஆஃப் வந்தப்புறம் நேரம் இருக்கு. அதுக்குள்ள அந்த நோட்டு நாலு பக்கம் நிறைஞ்சுதுன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு காலேஜ் வரிசை போட்டு தரேன்.