வேகமாக ஓட்டியதாக இ-சலான் வந்தால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

அவ்வளவு வேகமாகப் போகவே இல்லை, ஆனால் 1,000 ரூபாய் அபராதம் என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்த எஸ்எம்எஸ்ஸில் லிங்க் இருந்தால் தொடாதீர்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

உண்மையான சலான்தான் என்றால், அதில் உள்ள வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி நம்பர் பிளேட், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் சலானில் இருக்க வேண்டும். நோட்டீஸும் விதியில் சொன்ன நாளுக்குள் வர வேண்டும். கேமரா நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று படித்து வேறொருவர் வண்டியின் அபராதம் உங்கள் தலையில் விழலாம். வண்டியின் நிறம், மாடல் ஒத்துப்போகிறதா? அந்த நேரத்தில் கார் வேறெங்கோ இருந்ததென்றால் ஃபாஸ்டேக் பதிவு, சர்வீஸ் பில் நல்ல ஆதாரம். அவற்றை இணைத்துப் புகார் கொடுங்கள். கேட்கவில்லையென்றால் நீதிமன்றம்தான்.

படமும் வேகமும் சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 வரை அபராதம். வக்கீல், லீவு என்று அலைந்தால் அதைவிட அதிகம் செலவாகும்.

கண்டுகொள்ளாமல் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். நிலுவை இருந்தால், அப்புறம் வண்டியை விற்கும்போது ஆர்சி பெயர் மாற்றத்தில் வந்து நிற்கும்.