பூத் ஜோலோகியா பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை

கேள்வி: ஐயா, நான் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் விவசாயம் செய்கிறேன். மாடியில் காலியாக இருந்த 10-க்கு 12 அடி அறையில் சோதனையாக ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்ப்பது) முறையில் காரமான மிளகாய் வைத்திருக்கிறேன். பூத் ஜோலோகியா 6, ஹாபனேரோ 6. 20 லிட்டர் கறுப்பு பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி, மூடியில் வலைத்தொட்டியும் களிமண் உருண்டையும் வைத்து, ஏர் பம்ப் ஓடுகிறது. 100 வாட் எல்இடி விளக்கு இரண்டு, தினமும் 18 மணி நேரம். போர் தண்ணீரில் தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரமும் நுண்ணூட்டக் கலவையும் கரைத்து ஊற்றுகிறேன். கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் 1600 காட்டுகிறது, வெறும் போர் தண்ணீர் 650. பிஹெச் 6-ல் வைக்கிறேன். பூச்சி வராமல் இருக்க அறையை மூடியே வைத்திருக்கிறேன். பகலில் 35 டிகிரி, இரவில் 30. செடிக்கு நாலு மாதம் ஆகிறது. இரண்டரை அடி வளர்ந்து, இலை கரும்பச்சையாக இருக்கிறது. மூன்று வாரமாக ஏராளமாகப் பூக்கிறது, ஆனால் காம்பு மஞ்சளாகி எல்லாமே உதிர்ந்துவிடுகிறது. இலை ஓரம் லேசாகக் கருகுகிறது. உரத்தைக் கூட்டலாமா? பூ நிற்க டானிக் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா? சரியாக வந்தால் 100 செடியாக்கி விற்கலாம் என்று எண்ணம்.

பதில்: தம்பி, உரத்தைக் கூட்டாதீர்கள். டானிக்கும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: இரவில் 30 டிகிரி. பெரும்பாலானவர்கள் பகல் வெப்பத்தை மட்டும்தான் சொல்வார்கள். நீங்கள் இரவையும் அளந்து எழுதியதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

மிளகாய்ப் பூ பகல் சூட்டை ஓரளவு தாங்கும், இரவுச் சூட்டைத் தாங்காது. ராத்திரி 24 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூ உதிர்வது கூடும். பகலிலும் 33, 35 என்று போனால் மகரந்தம் மலடாகிவிடும். பூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே சத்து இருக்காது. கருவுறாத பூவைச் செடி இரண்டு மூன்று நாளில் காம்போடு கழற்றி விட்டுவிடும். அந்த மஞ்சள் காம்புக்கு இதுதான் பொருள்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தேனீ கட்டாயமில்லை. ஆனால் யாராவது பூவை அசைக்க வேண்டும். தோட்டத்தில் காற்று அதைச் செய்துவிடும். மூடிய அறையில் செய்ய ஆளில்லை. உங்கள் அறையில் எது குறை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விளக்கு எரிய ஆரம்பித்து நாலைந்து மணி நேரம் கழித்து, அன்று காலை விரிந்த பூவாகப் பத்துப் பூவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கறுப்புக் காகிதத்தைப் பூவுக்குக் கீழே பிடித்து, காம்பில் விரலால் நாலு தட்டு தட்டுங்கள். வெள்ளைப் பொடி விழுந்தால் மகரந்தம் இருக்கிறது. அப்படியானால் அசைவு முதல் குறையாக இருக்கலாம், ஒரு சின்ன மின்விசிறியும் தினம் ஒருமுறை செடியைத் தட்டிவிடுவதும் பெரிய வித்தியாசம் காட்டும். பொடியே விழவில்லை, அல்லது பத்தில் ஒன்றிரண்டில் மட்டும் விழுகிறது என்றால் சூடுதான் காரணம். உங்கள் அறைக்கு இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் தட்டிப் பாருங்கள்.

சூட்டைக் குறைக்க முதல் வேலை விளக்கு. 18 மணி நேரம் தேவையே இல்லை, 14 மணி போதும். காலை 5 மணிக்குப் போட்டு இரவு 7 மணிக்கு அணைத்துவிடுங்கள். இப்போது நடுராத்திரி வரை 200 வாட் வெப்பத்தை ஒரு மூடிய அறைக்குள் விடுகிறீர்கள். மேலே கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்குகிறது. 7 மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து, எதிர்ச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி ஓட்டுங்கள். பூச்சிக்குப் பயந்தால் ஜன்னலில் 40 மெஷ் வலை அடியுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ, தென்னங்கீற்றோ நிழல்வலையோ போடுவதோ செலவு குறைவு, பலன் அதிகம். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறை ஏதாவது கிடைத்தால் எல்லாவற்றையும் விட அது மேல்.

இவ்வளவு செய்தாலும் சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாமல் பெருந்துறையில் இந்த ரகங்களைக் காய்க்க வைப்பது கஷ்டம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டுமே கேப்சிகம் சைனென்ஸ் என்ற இனம். பெயரில் சீனா இருக்கிறதே தவிர, ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் பக்கம். 1776-ல் பெயர் வைத்த ஜாக்குவின் என்ற தாவரவியல் அறிஞர் சீனாவிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணிவிட்டார். பூத் ஜோலோகியா நம் அசாம், நாகாலாந்து, மணிப்பூரில் நிலைத்துப்போனது, 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் இடம் பிடித்தது. அங்கே மழையும் ஈரக்காற்றும் அதிகம். அந்தச் செடியை நம் கோடைக்குள் ஒரு மாடி அறையில் அடைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று அதைக் குறை சொல்ல முடியாது.

அதனால் என் யோசனை, கோடையோடு சண்டை போடாதீர்கள். மிளகாய் ஒரு வருடத்தில் முடிகிற செடியல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். வைகாசி கடைசியில் மேலே மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். ஆடிக் காற்று வீச ஆரம்பித்து இரவு குளிரும்போது புதுத் துளிர் பூவெடுக்கும். அந்தப் பூதான் நிற்கும். பூ நின்று பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பழம் பறிக்கலாம். அதுவரை வேரைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

வேர் என்றதும் எனக்குப் பயம் வருகிறது. கறுப்பு வாளி, 35 டிகிரி அறை. உள்ளே தண்ணீர் 31, 32 இருக்கும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேல்தான். சூட்டில் வேர் மூச்சு விடுவதும் கூடுகிறது. தேவை ஏறி, இருப்பு இறங்கும்போது பித்தியம் என்ற வேரழுகல் கிருமி உள்ளே வந்துவிடும். நான் முதல்முதலாகத் தண்ணீர் வாளியில் மிளகாய் வைத்த வருடம் இப்படித்தான் ஆனது. இலை வாடியதும் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தபோது வேர் காப்பித்தூள் நிறத்தில் கொழகொழவென்று கையோடு வந்தது. சாக்கடை வாடை. ஒன்பது செடி ஒரே வாரத்தில் போயிற்று.

இன்றைக்கே ஒரு மூடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ தயிர் நிறத்திலோ இருந்து, மணம் இல்லாமல் இருந்தால் நல்லது. தண்ணீரை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். வாளியைச் சுற்றித் தெர்மாகோல் கட்டி மேலே வெள்ளைத் துணி சுற்றுங்கள். மதியம் ஒரு லிட்டர் பாட்டிலில் உறைய வைத்த ஐஸை, பாட்டில் மூடியைத் திறக்காமல் அப்படியே வாளிக்குள் இறக்குங்கள். அப்புறம், ஏர் பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அறைக்குள்ளேயே இருந்தால் சூடான காற்றைத்தான் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கும். பம்ப்பை நிழலான வெளி இடத்தில் வைத்து டியூபை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். தண்ணீர் மட்டத்தை வலைத்தொட்டியின் அடிக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் தொங்கும் வேர் காற்றிலிருந்தே மூச்சு விடும், மின்சாரம் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.

இனி உரம். இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 19:19:19 நல்ல உரம்தான், ஆனால் மண்ணுக்கு. அதில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும். வெறும் தண்ணீர் வாளியில் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. இன்னொரு சிக்கல், யூரியா மின்சாரத்தைக் கடத்தாது. உங்கள் மீட்டர் மின்கடத்தலை வைத்துத்தான் உப்பை அளக்கிறது. ஆகவே நீங்கள் போட்ட யூரியா மீட்டரில் தெரியவே தெரியாது. 1600 காட்டினால் உள்ளே இருப்பது அதைவிட அதிகம். கரும்பச்சை இலையும் கொழுத்த வளர்ச்சியும் அதனால்தான். பூ உதிர்வதிலும் அதற்குப் பங்குண்டு. அந்த உரத்தில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) கிடையாது. அம்மோனியம் கூடினால் செடி சுண்ணாம்புச் சத்தை எடுப்பதும் குறையும். நாளைக்குக் காய் பிடித்தாலும் நுனி கறுத்து அழுகும்.

சுத்தமான 100 லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 90 கிராம், 13:00:45 என்று கடையில் கேட்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், 00:52:34 என்று கிடைக்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 50 கிராம். கூடவே நுண்ணூட்டக் கலவை, அதில் கீலேட் இரும்பு (படியாமல் கரைந்தே நிற்கும் இரும்புச் சத்து) இருக்கிறதா என்று பொட்டலத்தில் பாருங்கள். இது இசி (மின்கடத்தல் அளவு) 1.8, 2 பக்கம் வரும், காய்க்கும் காலத்துக்குச் சரி. இப்போது இந்த வெயிலில் செடி தண்ணீரை அதிகம் குடிக்கும், உரத்தைக் குறைவாக எடுக்கும். ஆகவே எல்லாவற்றையும் முக்கால் பங்காக்குங்கள். கால்சியம் நைட்ரேட்டைத் தனி வாளியில் கரையுங்கள். மற்றவற்றோடு கெட்டியாகக் கலந்தால் ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாகக் கீழே படிந்துவிடும். முழுத் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும்.

மீட்டர் பிபிஎம்-ல் காட்டினால் அது இசி 1-ஐ 500 ஆகக் காட்டும் கணக்கா, 700 ஆகக் காட்டும் கணக்கா என்று கையேட்டில் பாருங்கள். 500 கணக்கு என்றால் உங்கள் 1600, இசி 3.2. போர் தண்ணீரின் 650 மட்டுமே 1.3. அதில் பெரும்பாலும் செடிக்கு உதவாத உப்பு. இலை ஓரம் கருகுவதன் காரணம் இதுதான். மழைநீர் தேக்கி வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர் முக்கால், போர் கால் என்று கலந்து, உரம் போட்ட பிறகு இசி 1.6 வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாளியில் இருக்கும் கரைசலைத் தூக்கி ஊற்றிவிடுங்கள். தென்னைக்கு விட்டால் வீணாகாது. வேரை வெறும் தண்ணீரில் அலசிப் புதுக்கரைசல் நிரப்புங்கள். இனி 12, 14 நாளுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். இடையில் மட்டம் குறைந்து இசி ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும். பிஹெச் 5.8 முதல் 6.3 வரை இருக்கட்டும், அது சரியாகவே வைத்திருக்கிறீர்கள்.

மூடிய அறையில் பூச்சி வராது என்று நம்பியிருக்க வேண்டாம். மஞ்சள் சிலந்தி கண்ணுக்கே தெரியாது, நாற்றோடு வந்துவிடும். அதைத் தின்னும் பூச்சியும் உள்ளே இல்லை, கழுவிவிட மழையும் இல்லை. துளிர் இலை கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி, மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். தெரிந்தால் அந்தத் துளிரைக் கிள்ளி எரித்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு இலையின் அடி நனையத் தெளியுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டு அறைக்குள் தயவுசெய்து அடிக்காதீர்கள். மூடிய இடம், கீழே குழந்தைகள் இருப்பார்கள்.

100 செடி எண்ணத்துக்கு வருகிறேன். 200 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2.8 யூனிட், மாதம் 84. இரண்டு மாத பில்லில் விளக்குக்கு மட்டுமே 168 யூனிட். அதுவும் 12 செடிக்கு இந்த ஒளி போதாது, ஒரு 100 வாட் விளக்குக்கு நாலு செடிதான் வைக்க வேண்டும். 100 செடி என்றால் 25 விளக்கு, இரண்டு மாதத்துக்கு 2,100 யூனிட், ஏசி தனி. உங்களிடம் நிலம் இருக்கிறது, மேலே சூரியன் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த அறையை நாற்றங்காலாக மட்டும் வைத்துக்கொள்வேன். இந்த ரக விதை முளைக்க 27, 30 டிகிரி சூடு வேண்டும், சில சமயம் மூன்று நாலு வாரம்கூட எடுக்கும். உங்கள் சூடான அறை அதற்குப் பொருத்தம். ஆனியில் நாற்றை நிழல்வலைக் குடிலுக்குக் கொண்டுபோய், நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவுப் பைகளில் நட்டுச் சொட்டுநீரில் இதே கரைசலைக் கொடுக்கலாம். நார்க்கழிவு ஈரம் பிடித்து நிற்கும், மின்சாரம் போனாலும் வேர் மூச்சுத் திணறாது. இது விளக்கு வைத்து வளர்ப்பதைவிடப் பல மடங்கு மலிவு.

விற்பனையில் முந்திவிடாதீர்கள். நம் வீட்டுச் சமையலில் ஒரு பூத் ஜோலோகியா ஒரு குடும்பக் குழம்புக்கே அதிகம். கிலோக்கணக்கில் யாரும் வாங்க மாட்டார்கள். சாஸ் செய்பவர், ஊறுகாய் போடுபவர், நாற்று கேட்பவர் என்று இரண்டு மூன்று பேரைப் பிடித்த பிறகு செடியைக் கூட்டுங்கள். நீங்களே சாஸ் செய்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும்.

பழம் பறிக்கும்போதும் நறுக்கும்போதும் ரப்பர் கையுறை போடுங்கள். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் உள்ளே உள்ள வெள்ளைச் சதையில்தான் சுரக்கிறது. அது நகக்கண்ணில் ஏறினால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பால் கழுவுங்கள்.

கறுப்புக் காகிதத்தில் பத்தில் எத்தனை பூ பொடி உதிர்த்தது, வேர் என்ன நிறம், ஒரு வாரம் கழித்து இரவு வெப்பம் எவ்வளவு இறங்கியது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கவாத்தை எங்கே வெட்டுவது என்று செடியின் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.