தீசான் குடிக்கட்டும், பம்பை நிறுத்தாதீர்கள்

தம்பி, காரைக்காலிலிருந்து இந்தப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஆறு வயது மகளுக்கு இழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கிரெயோல் அம்மா, அதாவது இந்தத் தீவுக்கார அம்மா, போட்டுத் தரும் தீசான் என்ற மூலிகைக் கஷாயமும், ஃபார்மசியில் வாங்கிய ஹோமியோபதி உருண்டையும் நன்றாகக் கேட்கிறது, பிள்ளையே "நல்லா இருக்குப்பா" என்கிறாள், இனி டாக்டர் தந்த, வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் பம்பை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நான் நிறுத்திப் பட்டவள். அப்போது என் மகனுக்கு எட்டு வயது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்து, மடியில் போட்டு நெஞ்சைத் தடவிவிடுவார். அவனும் சிரித்துக்கொண்டு விளையாடினான். தினமும் இழுக்க வேண்டிய கார்ட்டிசோன் பம்பை நானாகவே விட்டுவிட்டேன். மூன்று வாரம் போயிருக்கும். ஜூலைக் குளிரில் பிளேன் தே பல்மிஸ்த் மலையில் தங்கியிருந்தோம். நடுராத்திரி விழித்துப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலா இடுக்கில் தோல் உள்ளே குழிகிறது, பேச்சு வரவில்லை. அவசர மருத்துவ எண் 15-க்கு போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்து, பிழைத்தான்.

முதல் நாள் சாயங்காலம்கூட "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. 2011-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு முறை உண்மையான மருந்துப் பம்பு, ஒரு முறை மருந்தே இல்லாத பம்பு, ஒரு முறை போலி அக்குபஞ்சர், ஒரு முறை ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேவலை என்று கேட்டபோது உண்மைப் பம்புக்கு 50 சதவீதம், வெறும் பம்புக்கு 45, போலி ஊசிக்கு 46 என்று ஏறக்குறைய ஒன்றாகவே சொன்னார்கள். ஊதவைத்து அளந்தபோதோ, உண்மை மருந்தில் மூச்சளவு 20 சதவீதம் கூடியது; மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான். மனசு ஆறியது, மூச்சுக்குழாய் திறக்கவில்லை. பிள்ளை சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ குழாயை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பழக்கிவிடலாம்.

அதற்காக அந்த ஆறுதலை வெறும் பிரமை என்று தள்ளிவிடவும் மாட்டேன். 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத போலி மருந்தால் சிலருக்கு வலி குறைந்தது. அபினி வகை மருந்தை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும் அந்தக் குறைவு போய்விட்டது. உடம்பே தனக்குள் வலிமருந்து சுரந்திருக்கிறது என்றுதான் அதைப் புரிந்துகொண்டார்கள். வலி, குமட்டல், தூக்கமின்மை இதற்கெல்லாம் பாட்டியின் கை உண்மையிலேயே உதவும். இழுப்புக்கு அது போதாது.

உருண்டை விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் 15 சிஎச் என்று இருந்தால், நூற்றில் ஒரு பங்காக 15 தடவை கரைத்தது என்று அர்த்தம். 12 தடவைக்கு மேல் மூலப்பொருளில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. போதிய பலன் இல்லை என்று 2019-இல் பிரான்சின் சுகாதார ஆணையம் சொல்லி, 2021 ஜனவரி முதல் அதற்கு அரசுக் காப்பீடு பணம் தருவதில்லை. வித்தால் என்ற காப்பீட்டு அட்டையைக் காட்டியும் உங்களுக்குக் காசு திரும்பாதது அதனால்தான்.

தீசான் அப்படி இல்லை, அது உண்மையான இலை. அயாபானா மாதிரி இந்தத் தீவின் சில மூலிகைகள் பிரெஞ்சு மருந்து நூலிலேயே ஏறியிருக்கின்றன. உண்மையான இலை என்பதால்தான் கவனமும் வேண்டும். அந்த அம்மாவிடம் இலைகளின் பெயரைக் கேட்டு எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் பம்போடு சேர்த்துக் குடிக்கட்டும்.

அப்புறம், உங்களுக்கு பிரெஞ்சு இன்னும் வரவில்லை என்றீர்கள். இந்த ஒரு வரியை இன்றே மனப்பாடம் செய்யுங்கள்: "மா ஃபீய் நாரீவ் பா அ ரெஸ்பிரே." என் மகளால் மூச்சுவிட முடியவில்லை என்று அர்த்தம். 15-ஐ அழைத்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள், அடுத்து வீட்டு முகவரி.