தொட்டது லட்டு, பில்லுல விழுந்தது பஃப்ஸ்

வாசகர் கேள்வி பதில்: இந்த மாசம் டச் ஸ்கிரீன்

கேள்வி: எங்க பேக்கரியில பில் போட நானே ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்க குட்டி கம்ப்யூட்டர்) வாங்கி 5 இன்ச் எச்டிஎம்ஐ டச் ஸ்கிரீன் மாட்டி பெட்டி செஞ்சு வச்சேன், நல்லா ஓடுச்சு. மெமரி கார்டு போனதால புது ஓஎஸ் ஏத்தினேன். இப்ப நடுவுல இருக்குற பட்டன் சரியா விழுது, ஓரத்துல இருக்குறதெல்லாம் பக்கத்து பட்டன்ல விழுது. எக்ஸ்இன்புட் கேலிப்ரேட்டர்னு டச்சை சரிக்கட்டுற புரோகிராமை ஓட்டி, நாலு மூலையும் தொட்டு, அது குடுத்த நம்பரை கான்ஃபிக் ஃபைல்ல போட்டேன். ஒரு மாற்றமும் இல்ல. ஸ்கிரீனை மாத்தணுமா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: மாத்தாதீங்க, ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு. நடுவுல சரி ஓரத்துல தப்புனு நீங்க எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் வந்துடுச்சு.

இந்த 5 இன்ச் ஸ்கிரீன்ல பெரும்பாலும் ரெசிஸ்டிவ் டச்தான், அதாவது ரெண்டு லேயர், விரல் வச்சு அமுக்கினா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டும், அந்த இடத்துல எத்தனை வோல்டேஜ்னு எக்ஸ்பிடி2046-னு ஒரு சின்ன சிப் அளந்து 0-ல இருந்து 4095 வரைக்கும் ஒரு நம்பரா சொல்லும், ஏன்னா அது 12 பிட் சிப். ஆனா நிஜத்துல எந்த ஸ்கிரீனும் முழுசா 0 தொடாது, 4095-ம் தொடாது. உங்களுது இடது ஓரத்துல 250, வலது ஓரத்துல 3850 குடுக்குதுனு வைங்க. சிஸ்டத்துக்கு அது தெரியாது, 0-ல இருந்து 4095 வரைனு நினைச்சு 800 பிக்சலுக்கு கணக்கு போடுது. அப்ப நீங்க இடது ஓரத்தை தொட்டா பாயின்டர் 49-வது பிக்சல்ல நிக்கும், வலது ஓரத்தை தொட்டா 752-லயே நின்னுடும், நடுவுல மட்டும் சரியா இருக்கும். லட்டுவை தொட்டா பஃப்ஸ் விழுறது இதனாலதான்.

சரி, கேலிப்ரேட்டர் ஏன் வேலை செய்யல? அது குடுக்குற நாலு நம்பர் ஈவ்டெவ்னு ஒரு பழைய டிரைவருக்கான (தொட்டதை ஓஎஸ்ஸுக்கு கொண்டு போற புரோகிராம்) நம்பர். புது ஓஎஸ்ல அந்த இடத்துல லிப்இன்புட்னு வேற டிரைவர் உக்காந்திருக்கு, அதுக்கு இந்த நாலு நம்பர் பாஷையே தெரியாது, எரர் கூட சொல்லாம கண்டுக்காம விட்டுடும் (எனக்கு இதுலதான் கோவம் வரும், தப்புனாவது சொல்லலாம்ல). முன்னாடி எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா ஈவ்டெவ் கான்ஃபிக் ஃபைலை 10-ல இருந்து 45-னு பேர் மாத்தி காப்பி பண்ணுவாங்க, ஃபைலை நம்பர் வரிசையில படிக்கும், லிப்இன்புட் ஃபைல் 40, அதுக்கு அப்புறம் படிக்கப்படுறது ஜெயிக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். எக்ஸ் சர்வர் (ஸ்கிரீன்ல விண்டோ காட்டுற பழைய புரோகிராம்) ஓடுற வரைக்கும் இது இன்னமும் நடக்கும். ஆனா 2023 அக்டோபர்ல வந்த புக்வோர்ம் (ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸோட ஒரு வெர்ஷன்) ராஸ்பெர்ரி பை 4-லயும் பை 5-லயும் நேரா வேலண்டுக்கு (எக்ஸ் சர்வருக்கு பதிலா வந்தது) போயிடுச்சு, அங்க எக்ஸ்இன்புட் சம்பந்தப்பட்ட எதுவும் எடுபடாது.

அதனால எக்ஸ், வேலண்ட் ரெண்டுலயும் வேலை செய்யுற வழியா பண்ணிடுங்க. யூடெவ் ரூல்ஸ்ல (மாட்டுற சாதனத்துக்கு என்ன செட்டிங்னு லினக்ஸ்கிட்ட சொல்ற ஃபைல்) லிப்இன்புட் கேலிப்ரேஷன் மேட்ரிக்ஸ்னு ஒரு வேல்யூ வைக்கலாம் (எல்லாம் பெரிய எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர், ஒரு எழுத்து மாறினாலும் கதை முடிஞ்சுது). அதுல ஆறு நம்பர். 1 0 0 0 1 0-னு போட்டா எதுவும் மாத்தாதேனு அர்த்தம். முதல் மூணு குறுக்குவாட்டுக்கு, அடுத்த மூணு மேல கீழுக்கு. மேல சொன்ன கணக்குக்கு 4095-ஐ 3600-ஆல வகுத்தா 1.1375, அது முதல் நம்பர். 250-ஐ 3600-ஆல வகுத்து மைனஸ் போட்டா மைனஸ் 0.0694, அது மூணாவது. மேல கீழுக்கும் இதே மாதிரி உங்க நம்பரை வச்சு போடுங்க, அங்க அஞ்சாவதும் ஆறாவதும் வரும். என் 250, 3850-ஐ அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க, ஈவிடெஸ்ட் (தொட்டா வர்ற நம்பரை அப்படியே காட்டுற புரோகிராம்) ஓட்டி ஸ்கிரீனோட நாலு ஓரத்தையும் பழைய பேனா மூடி வச்சு தொட்டு உங்க ஸ்கிரீன் என்ன நம்பர் காட்டுதோ அதை ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. அப்புறம் ரீபூட்.

எல்லா இடத்துலயும் ஒரே அளவுக்கு தள்ளி விழுந்தா மூணாவது, ஆறாவது நம்பர் மட்டும் மாத்தினா போதும், 800-ல 40 பிக்சல் வலது பக்கம் தள்ளிப்போனா மைனஸ் 0.05. இடது வலது கண்ணாடி மாதிரி திரும்பியிருந்தா முதல் வரிசை மைனஸ் 1, 0, 1. விரலை குறுக்கே இழுத்தா பாயின்டர் மேல போகுதா, அப்ப ரெண்டு ஆக்ஸிஸும் இடம் மாறியிருக்கு, டச் சிப்புக்கான ஏடிஎஸ்7846 ஓவர்லேல (கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரியா சேர்க்குற ஹார்ட்வேர் செட்டிங்) ஸ்வாப்எக்ஸ்ஒய்னு ஒண்ணு இருக்கு, முதல்ல அதை சரி பண்ணிட்டு அப்புறம் ஓரத்தை அளங்க. இதை விட்டுட்டு கேலிப்ரேஷன் பண்ணினா நாள் பூரா பண்ணிட்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: 3.5 இன்ச் எஸ்பிஐ ஸ்கிரீன் (போர்டு பின்லயே நேரா மாட்டுறது), படம் பளிச்னு வருது, டச் சுத்தமா இல்ல. கடைக்காரர் குடுத்த ஸ்கிரிப்டையும் ஓட்டிட்டேன். (ஒரு மாணவி, திருநெல்வேலி)

பதில்: படம் வர்றதுக்கும் டச்சுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஒரே போர்டுல ரெண்டு தனி சிப், ஒரே எஸ்பிஐ லைன்ல ரெண்டு சிப் செலக்ட்ல (எந்த சிப்கிட்ட பேசறோம்னு சொல்ற ஒயர்) தொங்குது, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். ஈவிடெஸ்ட் போட்டு லிஸ்டை பாருங்க. பேரே இல்லன்னா ஓவர்லே ஏறல, டிமெசேஜ்ல (லினக்ஸ் எழுதி வைக்கற லாக்) ஏடிஎஸ்7846-னு தேடினா தெரிஞ்சுடும் (சிப் எக்ஸ்பிடி2046-ஆ இருந்தாலும் டிரைவர் பேரு ஏடிஎஸ்7846-தான், குழம்பாதீங்க). பேர் இருக்கு, தொட்டா ஒரு நம்பரும் ஓடலன்னா பென்ஐஆர்க்யூ பின் தப்பு. விரல் பட்டதும் "தொட்டுட்டாங்க"னு சொல்ற ஒயர் அது, நிறைய 3.5 இன்ச் போர்டுல ஜிபிஐஓ 17, ஆனா எல்லாத்துலயும் இல்ல. அப்புறம் அந்த ஸ்கிரிப்ட், அது சொல்லாம கொள்ளாம உங்க கான்ஃபிக் ஃபைலையே மாத்தி எழுதும், ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைக்கறது நல்லது. பழைய ஸ்கிரிப்ட் பூட் ஃபோல்டர்ல எழுதும், புக்வோர்ம்ல கான்ஃபிக் ஃபைல் இருக்கறது அதுக்குள்ள ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல.

கேள்வி: கெப்பாசிடிவ் ஸ்கிரீனுக்கு (போன்ல இருக்குற மாதிரி, அமுக்காம தொட்டாலே போதும்ங்கற வகை) கேலிப்ரேஷன் வேணாமா?

பதில்: வேணாம். அந்த சிப்பே பிக்சல் கணக்குல சொல்லிடும். தலைகீழா மாட்டியிருந்தா மேல சொன்ன மேட்ரிக்ஸ்ல மைனஸ் 1 0 1 0 மைனஸ் 1 1.

கேள்வி: கூடிக்ஸ் ஜிடி911 சிப் உள்ள 7 இன்ச் ஸ்கிரீன். ஒரு தடவை பூட் பண்ணா டச் வருது, அடுத்த தடவை வர்றதில்ல. லூஸ் கான்டாக்டா? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: இருக்கலாம், கேபிளை ஒரு தடவை கழட்டி மாட்டுங்க. அதுல சரியாகலன்னா இதை பாருங்க. இந்த சிப்புக்கு ஐ2சி-ல (சிப்பும் போர்டும் பேசிக்கற ஒயர் லைன்) ரெண்டு அட்ரஸ், 0எக்ஸ்5டி, 0எக்ஸ்14. ரீசெட் ஆகுற நொடியில இன்டரப்ட் பின் லோவா இருந்தா முதல் அட்ரஸ், ஹையா இருந்தா ரெண்டாவது. அந்த பின் எங்கயும் கட்டாம அந்தரத்துல மிதந்தா தினம் ஒரு வீட்டு கதவு நம்பர் மாதிரி ஆயிடும், டிரைவர் பழைய வீட்டுலயே போய் தட்டிட்டு இருக்கும். டச் வராத அன்னிக்கு ஐ2சி டிடெக்ட் ஓட்டி எந்த அட்ரஸ் தெரியுதுனு பாருங்க. டிவைஸ் ட்ரீல (எந்த சிப் எந்த பின்ல இருக்குனு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்) ரீசெட், இன்டரப்ட் ரெண்டு பின்னையும் குடுத்துட்டா லினக்ஸ் டிரைவரே அந்த பின்னை பிடிச்சு வச்சு ரீசெட் பண்ணிக்கும்.

கேள்வி: யாரும் தொடாமலே பட்டன் தானா அமுங்குது. பேய் டச்னு நெட்ல போட்டிருக்கு.

பதில்: பேய் உங்க சார்ஜர்ல இருக்கும். நானே ஒரு தடவை டிரைவரை மாத்தி, கெர்னலை மாத்தி ரெண்டு ராத்திரி முழிச்சேன், கடைசில பவர் பேங்க்ல போட்டுப் பார்த்தா குழந்தை மாதிரி அமைதியா இருக்கு. விலை கம்மியா வாங்கின அடாப்டர் அது, அதோட கரண்ட் நாய்ஸ் டச் சிப் வரைக்கும் போயிருக்கு. முதல்ல பவர் பேங்க்ல ஓட்டிப் பாருங்க. அதுலயும் குதிச்சா ஸ்கிரீன் மேல ஓரத்துல இருக்குற ஃபிரேம் இறுக்கமா அமுக்குதானு பாருங்க, ரெசிஸ்டிவ்ல நாலு ஸ்க்ரூவை அரை சுத்து லூஸ் பண்ணினாலே நிறைய பேருக்கு சரியாகியிருக்கு.