வேறொரு நாட்டு மண்ணில் நடந்த அரசியல் கொலைக்கு நீதி கிடைக்குமா?

ஆட்சி மாறி, இரு அரசுகளும் ஒத்துழைத்தால் கிடைக்கும். ஆனால் பாதிதான், அதுவும் மிகத் தாமதமாக.

1976 செப்டம்பர் 21, வாஷிங்டன். ஓடிக்கொண்டிருந்த காரின் அடியில் குண்டு வெடித்தது. சிலியின் ராணுவ சர்வாதிகாரி பினோசேயை எதிர்த்துவந்த முன்னாள் அமைச்சர் ஒர்லாண்டோ லெத்தலியேரும், முன்சீட்டில் இருந்த அவரது சக ஊழியர், 25 வயது ரோனி மொஃபிட்டும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்த ரோனியின் கணவர் பிழைத்தார்.

குண்டு வைத்த டவுன்லியை 1978இல் சிலி அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஏவிவிட்ட சிலி உளவுத்துறைத் தலைவர் கொந்த்ரேராஸைத் தர மறுத்துவிட்டது. பினோசே பதவியிறங்கிய பின், 1993இல்தான் சிலி நீதிமன்றம் கொந்த்ரேராஸுக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. இரண்டு உயிருக்கு வெறும் ஏழு ஆண்டு!

2015இல் அமெரிக்கா சிலியிடம் கொடுத்த ரகசிய ஆவணங்கள், உத்தரவிட்டவர் பினோசேயேதான் என்று காட்டின. அவரோ எந்தத் தண்டனையும் பெறாமல் 2006லேயே இறந்துவிட்டார்.